அக்கா காதில் விழ வேண்டிய பேர்

உங்க ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டப்ப, அரை மணி நேரம் பேசுனாப் போதும் டீச்சர்னு சொன்னார். எங்கிட்டப் போய் அரை மணி நேரம்னு சொல்லியிருக்கார் பாருங்க, ஊருக்குப் புதுசு, பாவம். வேலைக்குப் புதுசா வந்திருக்கிற நீங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு தாளைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. கோடை லீவுல என்ன சாதிக்கப் போறோம்னு பிள்ளைங்க எழுதிக் கொடுக்கிற தாளாம். அழகா அச்சடிச்சுக் கட்டம் கட்டமாப் போட்டிருக்கீங்க. முதல் கட்டத்துல ‘பெயர்’னு இருக்கு. இந்த வேலையில நான் சறுக்குனதிலேயே பெரிய சறுக்கல் அந்த முதல் கட்டத்துலதான். அதைச் சொல்லணும்னுதான் அட்டுவம்பட்டியில இருந்து முட்டிவலியோட கிளம்பி வந்தேன்.

நான் திண்டுக்கல்காரி. எழுபதுகளோட நடுவுல கொடைக்கானல்ல ஒரு மிஷன் ஸ்கூல்ல வேலை கிடைச்சு மலையேறுனேன். ஒன்பதாம் வகுப்பு டீச்சர், அதோட பொண்ணுங்க ஹாஸ்டல் பொறுப்பும் என் தலையில. எனக்கு அப்ப ஆர்வக்கோளாறு ஜாஸ்தி. இப்பவும் குறையலைன்னு என் மருமகன் சொல்வார். ஏப்ரல் வந்துச்சுன்னா பிள்ளைங்களைச் சும்மா அனுப்பக்கூடாது, லீவுல ஒவ்வொருத்தரும் ஏதாவது ஒண்ணைச் சாதிச்சுட்டு வரணும்னு எனக்கு ஒரு வேகம்.

முதல் வருஷம் நடந்த கூத்தைக் கேளுங்க. கரும்பலகையில மாதிரிக்குன்னு நாலு வரி எழுதிப் போட்டேன். நீச்சல் பழகுதல், நூலகம் செல்லுதல், அப்படி. வகுப்புல முக்கால்வாசிப் பேர் நீச்சல் பழகுறேன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. நானும் பூரிச்சுப்போய் எல்லாத்துலயும் ‘மிக நன்று’ போட்டேன். இந்த மலைத் தண்ணியில காலை வச்சாலே பல்லு தந்தியடிக்கும், இதுல எங்கிட்டு நீச்சல்! ஜூன்ல கேட்டா ஒருத்தன்கூட தண்ணிப் பக்கமே போகல. கீழ ஊர்ல கோடை லீவுன்னா மாமா வீட்டுக்குப் போறது. இங்க கோடைன்னா சீசன். டவுன் பிள்ளைங்க படகுத்துறையில, குதிரைக்குப் பின்னால, லாட்ஜ் அடுப்படியில நிப்பாங்க. கூக்கால் மாதிரி மேமலைக் கிராமத்துப் பிள்ளைங்க பூண்டு நடவு, கிழங்குக் காடுன்னு வெள்ளனே கிளம்பிருவாங்க. லீவுல அவங்களுக்கு ஸ்கூல் நாளைவிட சோலி அதிகம். டீச்சருக்கு எது பிடிக்கும்னு பார்த்து எழுதிக் கொடுத்திருக்காங்க, அவ்வளவுதான்.

ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துருச்சு. மறு வருஷத்துல இருந்து கரும்பலகையில ஒரு எழுத்துகூட எழுதல. ஆளுக்கு ஒரு அட்டை. நீ செய்ய நினைக்கிறதை உன் வாயால சொல்ற மாதிரி எழுது, உன் சோலிக்கு நடுவுல அதுக்கு எந்த நேரம் ஒதுக்குவேன்னும் எழுதுன்னு சொல்லிட்டேன். லீவு விடுற அன்னிக்கு எல்லாரும் எழுந்திரிச்சு அதை வகுப்புல சொல்லணும். சொன்னவுடனே வகுப்புல ஒருத்தர் எழுந்திரிச்சு, இதை நான் கேப்பேன்னு ஏத்துக்கணும். அவங்களுக்குக் ‘கேக்குற ஆள்’னு பேரு. லீவுக்கு நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் சந்தைக்கு வரணும். காய்கறி லாரியில கூக்கால் பிள்ளைங்களும் வந்து இறங்கும், காலைப் பூசை முடிஞ்சு டவுன் பிள்ளைங்களும் வரும். என்னாச்சுன்னு அங்க வச்சுக் கேக்குற ஆள் கேக்கணும். ‘நடுச்சந்தை’ன்னு பிள்ளைங்களே அதுக்குப் பேரு வச்சிருச்சுங்க. எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை தீபாவளி மாதிரி. முந்தின ராத்திரி தூக்கமே வராது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த ஹாஸ்டல்ல கலைச்செல்வின்னு ஒரு பொண்ணு. பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்துல அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்துட்டு, ரெண்டு கவர்மெண்டும் போட்ட ஒப்பந்தத்துல கப்பலேறித் திரும்பி வந்த குடும்பம். ஏழாவதுல கொண்டுவந்து சேர்த்தாங்க. பேசுறதைக் கதைக்கிறதும்பா, ரொட்டியைப் பாணும்பா, மத்த பிள்ளைங்க கேலி பண்ணிப் பண்ணியே வாயைத் திறக்கிறதைக் குறைச்சுக்கிட்டா. கணக்குல கெட்டிக்காரி. ஆனா ஒரு குறை. கூப்பிட்டா உடனே திரும்ப மாட்டா. “கலைச்செல்வி”ன்னு ரெண்டு தடவை, மூணு தடவை கூப்பிடணும். அப்புறம்தான் யாரையோ கூப்பிடுறாங்கன்னு நினைச்ச மாதிரி மெதுவாத் திரும்புவா. எனக்கு எரிச்சலா வரும். ஹாஸ்டல் ரிப்போர்ட்ல ஒவ்வொரு பருவமும் ‘கவனம் போதாது’ன்னு எழுதுவேன்.

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிர்றேன். கலைச்செல்விங்கிற பேரை வச்சது நான்தான். அட்மிஷன் அன்னிக்கு அவ அப்பா மாடசாமி, பிள்ளை பேரு காளிங்கன்னு சொன்னார். காளியா, நாளைக்கு இந்தப் பிள்ளை காலேஜுக்கெல்லாம் போக வேண்டாமா, நல்ல பேரா வச்சிருவோமான்னு கேட்டேன். கேட்டேன்னு மரியாதைக்குச் சொல்றேன். கேக்கும்போதே பேனா ரெஜிஸ்டர்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்த மனுசன் தலையில கட்டியிருந்த துண்டைக் கையில எடுத்துக்கிட்டு, அம்மா சொன்னாச் சரிங்கன்னுட்டார். அந்தக் காலத்துல நிறைய டீச்சர்மார் இதைச் செஞ்சாங்க. மூக்காயியை முத்துலட்சுமி ஆக்குறது, பேச்சியைப் பிரேமா ஆக்குறது. பிள்ளைக்குப் பெரிய உபகாரம் பண்ணிட்ட மாதிரி அன்னிக்கு நான் ரெண்டு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டேன்.

அவ ஒன்பதாவது முடிக்கிற வருஷம். லீவு விடுற அன்னிக்கு வரிசையா எழுந்திரிச்சுச் சொல்லிக்கிட்டே வர்றாங்க. லாட்ஜ் வாட்ச்மேன் மக ஜெசிந்தா, டூரிஸ்ட்காரங்ககிட்ட இங்கிலீஷ்ல வழி சொல்லப் பழகப்போறேன்னு சொன்னா. கூக்கால் பையன் பாண்டி, எங்க ஏரியைச் சுத்தி எத்தனை எட்டுன்னு நடந்து எண்ணப்போறேன்னு சொன்னான், எதுக்குலேன்னு கேட்டா, இது வரைக்கும் ஒருத்தரும் எண்ணல டீச்சர்னான். இப்படி ஒரே கலகலப்பு. அப்பக் கலைச்செல்வி முறை வந்துச்சு. வழக்கம்போல ரெண்டு தடவை கூப்பிட்டேன். எழுந்திரிச்சா. அட்டையைப் பார்க்கவே இல்ல.

“எங்க அக்கா காதுல எம்பேரு விழணும்,” அப்படின்னா.

கொஞ்சம் கொஞ்சமாக் கேட்டு வாங்குனேன். பஞ்சவர்ணம்னு மூத்த அக்கா. அம்மா கொழுந்தெடுக்கப் போயிருவாங்க, இவளை இடுப்புல தூக்கி வளர்த்ததே அந்த அக்காதான். அக்காளுக்குக் கல்யாணம் ஆனதால அவளுக்குத் தனிப் பேப்பர், தனிக் கப்பல். இவங்க முதல்ல வந்துட்டாங்க. வந்தவங்களை எங்கேயோ முந்திரிக் காட்டுக்கு அனுப்பி, அது சரிப்படாம, ஒரு சொந்தக்காரர் பிடிச்சுப் பெரும்பாறைக்கு வந்திருக்காங்க. அங்கிட்டு அக்கா குடும்பமும் வேற தோட்டத்துக்கு மாறிருச்சு. இவங்க போட்ட கடுதாசி எல்லாம் திரும்பி வந்துருச்சு. இவங்க இருக்கிற இடம் அக்காளுக்குத் தெரியாது. அக்காளுக்கு எந்நேரமும் கப்பல் வரலாம். இறங்குறவங்களை எங்க போகணும்னு கேப்பாங்களாம், சொல்லத் தெரியலைன்னா எங்க இடம் இருக்கோ அங்க அனுப்பிருவாங்களாம். ஆந்திராவோ, கர்நாடகாவோ, யாருக்குத் தெரியும்? அப்படிப் போயிட்டா அப்புறம் இந்த ஜென்மத்துல பார்க்க முடியாதுன்னு அம்மா அழுவாங்களாம்.

அவளோட திட்டத்தைக் கேட்டீங்கன்னா அசந்துருவீங்க. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்ல பேசுற ஒரு ரேடியோ ஸ்டேஷன் இருந்துச்சு. நம்ம மலைக்கு அது கணீர்னு கேக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நேயர்கள் கேட்ட பாட்டுப் போடுவாங்க. பாட்டுக்கு முன்னால, கேட்டு எழுதுனவங்க பேரையும் ஊரையும் வாசிப்பாங்க. தோட்டத்துல லயம்னு வரிசை வீடுங்க இருக்கும், எந்த லயத்துக்குப் போனாலும் அந்த நேரத்துல அதுதான் ஓடுமாம், ஒரு வரிசை வீட்டுக்கு ஒரு ரேடியோ இருந்தாப் போதுமாம். பாட்டுக் கேட்டு எழுதணும். எம்பேரை வாசிப்பாங்க. அக்கா கேக்கும். பதினஞ்சு வயசுப் பிள்ளை, யாருகிட்டயும் சொல்லாம, தானா யோசிச்சது!

மூட்டை மூட்டையாக் கடுதாசி போகுமாம், நம்மளோடதை எவன் எடுப்பான்னு பாண்டி சொன்னான். ஜெசிந்தா அதுக்குள்ள எழுந்திரிச்சு, நான் கேக்குற ஆள், எங்க அப்பாகிட்ட டிரான்சிஸ்டர் இருக்கு, ஒவ்வொரு ஞாயிறும் கேப்பேன்னுட்டா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இங்கதான் என் கோளாறு ஆரம்பம். ரேடியோவுக்குப் போட வச்சிருந்த போஸ்ட் கார்டைக் கொண்டான்னு வாங்கிட்டேன். பென்சில்ல எழுதி வச்சிருந்தா. பெரும்பாறை மேல் லயம் காளி, அப்பா மாடசாமி, அம்மா ராமாயி, அக்கா பஞ்சவர்ணம் கேக்கணும்னு ஒரே நெருக்கடியா இருந்துச்சு. இப்படி எழுதுனா எப்படிம்மா வாசிப்பாங்க, பார்த்தவுடனே எடுக்கத் தோணணும்னு சொல்லி, புதுக் கார்டு எடுத்து என் முத்து முத்தான கையெழுத்துல நானே எழுதுனேன். செல்வி க. கலைச்செல்வி... இல்ல, செல்வி மா. கலைச்செல்வி, கொடைக்கானல். அவ்வளவுதான். பளிச்சுன்னு இருந்துச்சு.

அவ ஏதோ சொல்ல வாயைத் திறந்தா. அப்புறம் மூடிக்கிட்டா. நான் அதைப் பார்த்தேன். பார்த்துட்டும் என்னம்மான்னு கேக்கல. இத்தனை வருஷம் கழிச்சு உங்ககிட்டச் சொல்ல வந்தது இந்த ஒரு நிமிஷத்தைத்தான். நம்மகிட்ட ஒரு பிள்ளை தன் ஆசையைச் சொல்லிட்டு, நாம அதுல கை வச்சதும் வாயை மூடிக்கிட்டான்னா, அங்கேயே வண்டியை நிறுத்தணும்.

மே மாசம் நடுச்சந்தை வந்துச்சு. சீசன் உச்சத்துல இருந்துச்சு. கேரட் கட்டு, பிளம்ஸ் கூடை, முட்டைக்கோஸ் மூட்டைக்கு நடுவுல என் பிள்ளைங்க. பெரும்பாறையில இருந்து மாடசாமியே மகளைக் கூட்டிக்கிட்டு முதல் பஸ்ஸுல வந்துட்டார். பாண்டி எண்ணி முடிச்சுட்டானாம், ஆனா பாதியில மாடு குறுக்க வந்ததால மறுபடி எண்ணணுமாம். ஜெசிந்தா ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு வழி சொல்லி, அவங்க சரியாப் போய்ச் சேர்ந்துட்டாங்களாம். ரேடியோ நேரம் வந்துச்சு. கேரட் மூட்டை மேல டிரான்சிஸ்டரை வச்சோம். ரெண்டு ஞாயிறு ஜெசிந்தா கேட்டும் வரல, இது மூணாவது. பேரா வாசிச்சுக்கிட்டே வர்றாங்க. திடீர்னு, கொடைக்கானலிலிருந்து செல்வி மா. கலைச்செல்வி!

அடேயப்பா, நாங்க போட்ட கூச்சல்ல கேரட் விக்கிற அம்மா தராசைக் கீழ போட்டுருச்சு. பாண்டி மூட்டை மேல ஏறிக் குதிக்கிறான். நான் டீச்சருங்கிறதை மறந்து ஜெசிந்தாவைப் பிடிச்சுச் சுத்துறேன். சுத்தி முடிச்சுப் பார்த்தா கலைச்செல்வி அவ அப்பா பக்கத்துல தரையில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. சந்தோசத்துலதான் அழுறான்னு நினைச்சுக்கிட்டுப் போய், கேட்டுச்சாடின்னு கேட்டேன்.

“கேட்டுச்சு டீச்சர். ஆனா அக்காளுக்குக் கலைச்செல்வின்னா யாருன்னு தெரியாதே.”

அப்ப உம்பேரு என்னன்னு பாண்டி கேட்டான். காளின்னா. மூணு வருஷமாப் பக்கத்துல உக்காந்திருந்த ஜெசிந்தாவுக்கே அது தெரியாது. மாடசாமி மேல எனக்குக் கோவம் வந்துச்சு, நீராவது சொல்லியிருக்கலாமேன்னு. உடனே கோவம் எம்மேலயே திரும்பிருச்சு. அந்த மனுசன் எப்படிச் சொல்வார்? சொல்றதுக்கு நான் எங்க விட்டேன்?

அதுக்கப்புறம் நடந்ததுல எனக்குப் பங்கே இல்ல, பிள்ளைங்களே செஞ்சாங்க. “ஏலே, ஆளுக்கு ஒரு கார்டு போடுவோம்லே, முப்பது கார்டுல ஒண்ணையாவது எடுக்காமலா போவாங்க,”ன்னு பாண்டி ஆரம்பிச்சு வச்சான். எல்லாரும் அவங்கவங்க அட்டையை எடுத்து, அதுல இருந்த லீவு வேலைக்குக் கீழ ‘காளிக்கு ஒரு கார்டு’ன்னு எழுதிக்கிட்டாங்க. நான் ஆசையா, எனக்கும் ஒண்ணு கொடுங்கடா எழுதுறேன்னேன். காளி என்னைப் பார்த்தா.

“நீங்க வேணாம் டீச்சர். நான் சொல்லச் சொல்ல எழுதுறவங்க மட்டும் எழுதட்டும்.”

சுருக்குன்னு இருந்துச்சு. எனக்கு முன்கோபம், தெரியுமில்ல, நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டுப் போய் டீக்கடை பெஞ்சுல உக்காந்தேன். அங்கிருந்து பார்த்தேன், அவ ஒவ்வொரு பேராச் சொல்லிக்கிட்டு இருக்கா, பிள்ளைங்க முட்டியில கார்டை வச்சு எழுதுதுங்க. கொடைக்கானல் மிஷன் ஸ்கூல் ஹாஸ்டல் காளி, பெரும்பாறை மாடசாமி, ராமாயி. லயத்துக்கு வர்ற கடுதாசி கைக்கு வந்துசேர நாளாகும், ஸ்கூலுக்குன்னா வெரசா வந்துரும்னு ஹாஸ்டல் பேரைச் சேர்த்ததும் அவ யோசனைதான். மூணு வருஷத்துல அவ அவ்வளவு சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல.

மே மாசக் கடைசி ஞாயிறு அந்தப் பேரை வாசிச்சுட்டாங்க! கூக்கால் பாண்டி எழுதுன கார்டுதான் விழுந்திருக்கு. ஜெசிந்தா கேட்டுட்டு லாட்ஜ்ல இருந்து ஹாஸ்டல் வரைக்கும் செருப்பில்லாம ஓடி வந்து சொன்னா. அக்கா காதுல விழுந்துச்சா இல்லையான்னு மட்டும் தெரியல. அதுக்குக் கடல் தாண்டிப் பதில் வரணும்.

ஸ்கூல் திறந்துச்சு. காளி பத்தாவதுக்கு வந்துட்டா. தினமும் தபால்காரர் வர்ற நேரம் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவா. ரெண்டாவது வாரம், காலை இடைவேளையில நான் ஆபீஸ் ரூமுக்குச் சாக்பீஸ் எடுக்கப் போனேன். எங்க கிளார்க் ரொம்ப ஒழுங்கான மனுசன். பேச்சோட பேச்சா, இன்னிக்கு ஒரு வேடிக்கை டீச்சர், சிலோன் ஸ்டாம்பு ஒட்டி ஒரு நீலக் கடுதாசி, நம்ம ஹாஸ்டல் காளின்னு போட்டிருக்கு, ரெஜிஸ்டரை முழுசாப் புரட்டிட்டேன், அப்படி யாருமில்ல, எழுதித் திருப்பி அனுப்பிட்டேன்னார்.

அவர் மேல ஒரு தப்பும் இல்ல. ரெஜிஸ்டர்ல காளி இல்லதான். இல்லாம ஆக்குனது நான். அப்படி ஒரு கடுதாசி வரும்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கக்கூட எனக்குத் தோணல.

சாக்பீஸ் டப்பா அங்கேயே விழுந்துச்சு. வகுப்புக்கு ஓடுனேன். காளீன்னு கத்துனேன், எல்லாப் பிள்ளைங்களும் திரும்புச்சுங்க, அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்தேன். கீழ போற மத்தியான பஸ்ஸுல தபால் பை போயிரும். போச்சுன்னா கடுதாசி எங்கெங்கயோ சுத்தி அக்காகிட்டத் திரும்பிப் போகும், அப்ப அவ என்ன நினைப்பா? அது நம்ம காளி இல்ல, வேற ஏதோ காளின்னுதானே நினைப்பா. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு அந்த ஏத்தத்துல ஓடுனேன், பாருங்க, சீசன் முடிஞ்சும் ஊர்ல இருந்த டூரிஸ்ட்காரங்க நின்னு வேடிக்கை பார்த்தாங்க. மேகம் வேற இறங்கிக் கெடக்கு. காளி எனக்கு முன்னால ஓடுறா.

போஸ்ட் ஆபீஸ்ல பை கட்டிக்கிட்டு இருந்தாங்க. கடுதாசி உள்ள இருந்துச்சு. போஸ்ட்மாஸ்டர் நல்ல மனுசன், ஆனா சட்டம் பேசுனார். ஸ்கூலே இப்படி ஒரு ஆள் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கு டீச்சர், இப்ப நீங்க வந்து இருக்குன்னு வாயால சொன்னா நான் எப்படிக் கொடுக்கிறது? இந்தப் பொண்ணுதான் அந்தக் காளின்னு எழுத்துல கொடுங்கன்னார். வெளிய பஸ்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்கார்.

நீங்க சின்ன வயசு, அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாது. ரெஜிஸ்டர்ல ஒரு பேரை யாரையும் கேக்காம மாத்துனேன்னு ஒரு டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அது வேலைக்கே உலை. அவ அப்பாவை வரச் சொல்லலாம், அவர்கிட்டக் கப்பல் பேப்பர் இருக்கும், என் பேரு வெளிய வராது. ஆனா அவர் வர்றதுக்கு ரெண்டு நாளாகும். பை கிளம்பறதுக்கு ரெண்டு நிமிஷம். காளி அந்தப் பையையே பார்த்துக்கிட்டு நின்னா. நான் தாளை வாங்குனேன். எங்கள் பதிவேட்டில் கலைச்செல்வி என்று இருக்கும் இந்த மாணவியின் உண்மையான பெயர் காளி, அதை மாற்றி எழுதியது நான், அவள் பெற்றோர் அல்லர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் முத்து முத்தான கையெழுத்து அன்னிக்குக் கோழி கிண்டுன மாதிரி இருந்துச்சு.

பையைப் பிரிச்சாங்க. கடுதாசி கைக்கு வந்துச்சு. காளி அங்கேயே கிழிச்சு, சத்தமா வாசிச்சா. அக்காளுக்கு எழுதத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க. ரேடியோவில உன் பேரும் அப்பா அம்மா பேரும் கேட்டுச்சு, நீ எங்க காளிதானே, எங்களுக்குக் கப்பல் வந்துருச்சு, ஆடி பிறந்ததும் ஏறுறோம், நீதான்னா உடனே சொல்லு, பெரும்பாறைன்னு சொல்லி இறங்குறேன், பதில் வரலைன்னா அவங்க அனுப்புற இடத்துக்குப் போயிருவோம். அவ்வளவுதான் இருந்துச்சு. போஸ்ட்மாஸ்டர் தந்தி ஃபாரத்தை எடுத்து அவரே நீட்டுனார்.

என்ன எழுதணும்னு எனக்கு வாயில வந்துருச்சு. அழகான வாக்கியமா வந்துச்சு. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டேன். காளி நாலே வார்த்தை சொன்னா. “நான்தான் அக்கா. பெரும்பாறை வா.”

அந்தத் தாளால எனக்கு மெமோ வந்துச்சு. ஸ்கூலை நடத்துன ஃபாதர் கூப்பிட்டு ஒரு மணி நேரம் காய்ச்சி எடுத்தார். நான் பேரு மாத்துன மத்த பிள்ளைங்க கதையும் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு, வீட்டுக்கு வீடு போய்க் கேட்டு, வேணும்னவங்களுக்குத் திருத்திக் கொடுத்தோம். முத்துலட்சுமி மட்டும் மூக்காயிங்கிற பழைய பேரு வேணவே வேணாம்னுட்டா. அது அவ இஷ்டம். அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி, அந்த மெமோவுக்காக நான் வருத்தப்பட்டதே இல்ல.

உங்க தாளுல அந்த முதல் கட்டத்தை எடுக்கச் சொல்லல. பிள்ளை அதுல எதை எழுதுதோ அதுல கை வைக்காதீங்க. கீழ எழுதுற கனவையும்தான். திருத்தணும்னு கை அரிக்கும், எனக்குத் தெரியும், நம்ம சாதியே அப்படி, சிவப்புப் பேனா சாதி. கையைப் பின்னால கட்டிக்கோங்க.

ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. சந்தைக்குப் போயிருந்தோம், ஹாஸ்டல் பிள்ளைங்களோட காய் வாங்க. பாண்டியும் கூக்கால் லாரியோட வந்திருந்தான். சாரல் போட்டுக்கிட்டு இருந்துச்சு, ஒரே கூட்டம், ஆளாளுக்கு விலை கூவிக்கிட்டு இருக்காங்க. காளி எனக்கு முன்னால குனிஞ்சு பீன்ஸ் பொறுக்கிக்கிட்டு இருந்தா. சந்தையோட அந்தக் கோடியில, மாடசாமி பக்கத்துல, இடுப்புல ஒரு பிள்ளையோட ஒரு பொம்பளை நின்னு தேடுது. அவ்வளவு தூரம், அவ்வளவு இரைச்சல். அது ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டுச்சு. கூப்பிட்டு முடிக்கல, கா-ன்னு ஆரம்பிச்சதுமே பீன்ஸைக் கீழ போட்டுட்டு என் பிள்ளை திரும்பி ஓடிட்டா.

மூணு வருஷமா அவ ரிப்போர்ட்ல ‘கவனம் போதாது’ன்னு எழுதுனவ நான், கூடையோட அங்கேயே நின்னேன்.